மூட்டுக்குள் என்ன நிறம்

காலை ஏழே காலுக்கு வந்த சிலிண்டர்காரர், மூலையில் நின்ற ஆர்கான் சிலிண்டரைச் சாய்த்து உருட்டப் போனவர், மீட்டர் முள்ளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"அக்கா, அந்தப் பக்கத்து சிலிண்டர் காலி. சரி. இது என்ன, இன்னும் பாதிக்கு மேல இருக்கு? கேஸைச் சேமிச்சு வைக்கிறீங்களா?"

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். வெல்டரம்மாவும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. வாயு மிச்சம் இருக்கிற சிலிண்டரைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. அவளும் ஒன்றரை மாதமாக அந்த முள்ளைப் பார்த்து, பரவாயில்லை, இன்னும் நிறைய இருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். இரண்டு சிலிண்டரும் ஏறக்குறைய ஒன்றாகத் தீர்ந்தாக வேண்டும் என்பது மண்டையில் உறைக்கவே இல்லை. பதினெட்டு வருஷ அனுபவம் வேறு.

அவள் எழுந்து போய், சுவரில் இருந்த வாயு மானியைப் பார்த்தாள். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் சின்ன உருண்டை, வாயு ஓடும்போது மேலே எழும்பி எட்டாம் கோட்டில் மிதக்கும். இப்போதும் எட்டாம் கோட்டில்தான் இருந்தது. ஆனால் சிலிண்டரின் வால்வு மூடியிருந்தது. விரலால் ஒரு தட்டு தட்டினாள். உருண்டை பொத்தென்று கீழே விழுந்தது. வால்வைத் திறந்து பார்த்தாள். உருண்டை எழவில்லை. குழாய்க்குள் எங்கோ பிசுக்கு அடைத்து, வாயுவும் நின்று, உருண்டையும் பழைய இடத்திலேயே ஒட்டிக்கொண்டு, எல்லாம் நலம் என்று பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அவள் சட்டென்று திரும்பி, சுவரில் தொங்கிய ஃபிரேமைப் பார்த்தாள்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அவள் செய்வது டைட்டானியத்தில் பழைய முறை ரேஸ் சைக்கிள் ஃபிரேம். இரும்பு என்றால் துருவுக்குப் பயந்து பெயிண்ட் அடிக்க வேண்டும். கார்பன் என்றால் அச்சில் வைத்து விதவிதமாக வளைத்து எடுத்துவிடலாம். இதில் அந்த ஜாலமெல்லாம் கிடையாது. உருண்டைக் குழாய்கள், நேர்க்கோடுகள், மேலே படுக்கையாக ஒன்று, கீழே சாய்வாக ஒன்று, பிரேக் வயர்கூட வெளியில்தான் ஓடும். பார்க்கிறவர்கள் இதற்கா இத்தனை விலை என்று கேட்பார்கள். ஓட்டிப் பார்த்தால் அப்புறம் கேட்கமாட்டார்கள். குண்டு குழியின் அதிர்ச்சியைப் பாதி அதுவே விழுங்கிக்கொள்ளும். துருப்பிடிக்காது, சோர்ந்து போகாது, ஒழுங்காகச் செய்திருந்தால் ஓட்டுகிறவரைவிட அதிக நாள் இருக்கும். பெயிண்ட் இல்லை என்பதால் மூட்டில் போட்ட வெல்டிங் அப்படியே ஊர் பார்க்க நிற்கும். சில்லறைக் காசுகளை வரிசையாகச் சரித்து வைத்த மாதிரி அவளுடைய வெல்டிங் இருக்கும். அதைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த ஒழுங்கில்தான் வினை இருக்கிறது. டைட்டானியம் சூடேறினால் காற்றைக் குடிக்கும். குடித்தால் மூட்டு மொறுமொறுத்துப் போகும். அதனால் வெளியே டார்ச்சிலிருந்து ஆர்கான் வாயு பாய வேண்டும். குழாய்க்கு உள்ளேயும் இன்னொரு சிலிண்டரிலிருந்து ஆர்கான் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சரியாக நடந்ததா என்பதை நிறம் சொல்லிவிடும். வெள்ளி நிறம் என்றால் சுத்தம். லேசான வைக்கோல் மஞ்சள் பரவாயில்லை, அதுவும் நல்ல மூட்டுதான். நீலம் என்றால் யோசிக்க வேண்டும். சாம்பலோ வெள்ளைப் பொடியோ என்றால் அந்த மூட்டு பிணம். வெளிப்பக்கத்து நிறத்தை யாரும் பார்க்கலாம். உள்பக்கத்து நிறத்தை, மூட்டை வைத்த பிறகு, செய்தவளால்கூடப் பார்க்க முடியாது.

உள்ளே ஓடவேண்டிய ஆர்கான்தான் ஓடாமல் இருந்திருக்கிறது.

அந்தச் சிலிண்டர் வந்த பிறகு அவள் செய்தது இரண்டே ஃபிரேம். இரண்டாவது, அதோ சுவர் ஆணியில் தொங்குகிறது, நாளை மறுநாள் கொடுக்க வேண்டியது. அதை எடுத்து, அறுக்கும் இயந்திரத்தில் வைத்து, ஒரு நொடிகூட யோசிக்காமல் மூட்டுக்குப் பக்கத்தில் அறுத்தாள். சிலிண்டர்காரர் "ஐயையோ" என்று அலறினார். அறுபட்ட வாயை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். வெளியே வெள்ளிக்காசு வரிசை. உள்ளே சாம்பல். விரலை விட்டுத் தேய்த்தால் பொடி ஒட்டிக்கொண்டது.

முதலாவது ஃபிரேம் அவளுடைய நாத்தனாருடையது. நாத்தனார் அதில் ஏறி விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பியாயிற்று.

நாத்தனாரை வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். வயது முப்பத்தாறு, தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ், ஆள் ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு. அந்த உயரத்துக்குக் கடையில் தொங்கும் எந்த சைக்கிளும் பொருந்தாது. இன்றைக்கு அவளுக்கு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டம். போட்டி இல்லை, ஆனால் கெடுவுக்குள் முடித்தாக வேண்டும். முடித்தால்தான் அடுத்த வருஷம் வெளிநாட்டில் நடக்கிற ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்க முடியும். இதற்காக இரண்டு வருஷமாக நைட் டியூட்டி முடித்துத் தூங்காமல் பயிற்சி எடுத்தவள். வழியில் ஒரு மலை. ஏறுவது பிரச்சினை இல்லை, ஆமை வேகம்தான். ஏறினால் இறங்க வேண்டுமே. இருபத்திரண்டு கிலோமீட்டர் இறக்கம், ஊசி வளைவுகள், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. அங்கே பிரேக்கைப் பிடிக்கும்போது மொத்தப் பாரமும் முன்பக்கத்து மூட்டில்தான் போய் விழும்.

வெல்டரம்மா போனை எடுத்து அடித்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். ஏழு தடவை. ஓட்டத்தில் சிட்டு போனைப் பைக்குள் போட்டுவிடுவாள்; வெளியே வைத்திருந்தாலும் இந்தப் பெயரைப் பார்த்தால் எடுப்பாளா என்பது வேறு விஷயம். புருஷனுக்கு அடித்தாள். அவர் ரயில் ஓட்டுகிறவர், வண்டியில் ஏறினால் போனை அணைத்துவிட வேண்டும் என்பது விதி, பன்னிரண்டு மணிக்கு முன்னால் கிடைக்கமாட்டார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் ஹேக்ஸா பிளேடு நாலு, அதற்கான சட்டம், ஒரு எண்ணெய்க் குப்பி, ஸ்பானர் பை, எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வெளியே போய் சிலிண்டர் லாரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, இறங்குங்க. எனக்கு இன்னும் ஆறு இடம் பாக்கி இருக்கு."

"மலைக்கு விடுங்க."

"எந்த மலைக்கு? இந்த வண்டிக்கு மலை ரோட்ல பர்மிஷனே கிடையாது. பின்னாடி பதினாலு சிலிண்டர் உக்காந்திருக்கு. எனக்கு வேலை போயிடும்."

"என் நாத்தனார் செத்துடுவா."

சிலிண்டர்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் ஈயாடவில்லை. அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியைக் கிளப்பினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். வழி நெடுகப் பேசினார்.

"நான் கேக்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. மூணு வாரமா ஓட்டறாங்கன்னு சொல்றீங்க. உடையணும்னா உடைஞ்சிருக்காதா?"

"சமதரையில உடையாது. முதல்ல மயிரிழை மாதிரி ஒரு விரிசல் விடும். அது பாட்டுக்கு வளரும். ஒரு நாள் ஒரே அழுத்தத்துல விட்டுடும். இரும்பு மாதிரி வளைஞ்சு எச்சரிக்கை பண்ணாது."

"சரி, அவங்க ஃபிரேமும் கெட்டுப்போச்சுன்னு எப்படிச் சொல்றீங்க? அது முதல்ல செஞ்சதுதானே?"

அதைத்தான் அவளும் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தாள். ஒரு ஃபிரேமுக்கு உள்ளே விடும் வாயு எவ்வளவு என்று அவளுக்குக் கைக்கணக்கு உண்டு. முள் இறங்கியிருந்த அளவு, ஒரு ஃபிரேமுக்குச் சரியாக இருக்கலாம். கொஞ்சம் குறையவும் இருக்கலாம். அவள் எப்போதும் பின்பக்கத்திலிருந்து தொடங்கி, ஹேண்டில்பார் நுழையும் தலைக்குழாயோடு கீழ்க்குழாய் சேரும் மூட்டைக் கடைசியில்தான் வைப்பாள். வாயு எங்காவது நின்றிருந்தால் அந்தக் கடைசி மூட்டில்தான் நின்றிருக்கும். மொத்த ஃபிரேமிலும் கெட்டுப்போகவே கூடாத மூட்டும் அதுதான்.

"பாதிக்குப் பாதி" என்றாள்.

"பாதிக்குப் பாதின்னா, சொன்னா கேட்டுக்குவாங்க. சொந்தம்தானே."

வெல்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொந்தம்தான் சிக்கலே.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் சிட்டுவுக்கு ஒரு கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். பையன் கண்ணாடிக் கடை வைத்திருந்தான், கண்ணைச் சோதித்து லென்ஸ் போட்டுக் கொடுப்பவன், அமைதியானவன், சிட்டுவுக்கு அவனை ரொம்பவும் பிடித்திருந்தது. ஒரு நாள் பஸ் நிலையத்தில் வெல்டரம்மா அவனைப் பார்த்தாள். தோளில் ஒரு குழந்தை, பக்கத்தில் ஒரு பெண். குழந்தை அவனை அப்பா என்று கூப்பிட்டது. அவள் நேராக வீட்டுக்கு வந்து, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உடைத்துப் பேசிவிட்டாள். நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார்கள். என் கண்ணால் பார்த்தேன் என்றாள். பிறகு தெரிந்தது, அது அவனுடைய அக்காவும் அக்காள் குழந்தையும். தகப்பன் செத்துப்போன குழந்தை, தூக்கி வளர்க்கும் மாமனை அப்படிக் கூப்பிட்டுப் பழகியிருக்கிறது. விஷயம் தெரிவதற்குள் இரண்டு வீட்டிலும் பேசக்கூடாத பேச்செல்லாம் பேசியாகிவிட்டது. பையன் வீட்டார் எழுந்து போனவர்கள் போனவர்கள்தான். அவனுக்கு இப்போது வேறு இடத்தில் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள்.

அவள் செய்தது தப்பு என்று யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவள்தான் சொல்லவில்லை. "பார்த்ததைத்தானே சொன்னேன்" என்ற ஒரே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்து வருஷம் ஓட்டிவிட்டாள். இறங்கி வர முடியாத பிடிவாதக்காரி என்று அவள் புருஷனே சொல்வார். சிட்டு அந்த வீட்டுக்கு வருவதை நிறுத்தினாள். எந்த மாசம் என்ற கணக்கெல்லாம் வேண்டாம், ஒரு நாள் திடீரென்று பட்டறை வாசலில் வந்து நின்று, "எனக்கு ஒரு ஃபிரேம் வேணும். அண்ணன் சொல்லித்தான் வந்தேன்" என்று மூன்றாம் மனுஷியிடம் பேசுகிற மாதிரி பேசி, கை நீளம் கால் நீளம் எழுதிய காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். மன்னிப்புக் கேட்க வாய் வராதவள் அந்த ஃபிரேமில் உயிரைக் கொடுத்தாள். ஒவ்வொரு மூட்டையும் இரண்டு சுற்று வைத்தாள். கீழ்க்குழாயின் மூட்டை முடித்த அன்று, இதைவிட நன்றாக என்னால் முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உருண்டை எட்டாம் கோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

பத்தேமுக்காலுக்கு, உச்சிக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது, சிட்டு கண்ணில் பட்டாள். சாம்பல் நிற சைக்கிள், ஆரஞ்சு சட்டை, எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தாள். சிலிண்டர்காரர் லாரியை அவளுக்குப் பக்கத்தில் ஓட்டினார். பதினாலு சிலிண்டரும் கடகடவென்று பேசின.

"சிட்டு! நில்லு! இறங்கு!"

சிட்டு திரும்பிப் பார்த்தாள். லாரியில் அண்ணியின் தலையைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது பயம். "அண்ணனுக்கு என்ன?"

"அண்ணன் நல்லா இருக்கார். ஃபிரேம்ல கோளாறு. உள்ள கேஸ் ஓடல. கீழ்மூட்டு கெட்டிருக்கும். இதுல நீ கீழ இறங்கக்கூடாது."

சிட்டு மிதிப்பதை நிறுத்தவில்லை. மூச்சு வாங்கியது. நாலைந்து மிதி மிதித்த பிறகுதான் பேசினாள்.

"அண்ணி, நான் ஒண்ணு கேக்கட்டுமா? எனக்கு நல்லது எதாவது நடக்கப்போறப்ப மட்டும் உங்களுக்கு எப்படி மூக்குல வேர்க்குது?"

"ஐயோ, அதுக்கில்லடி..."

"போன தடவை கல்யாணம். இந்தத் தடவை இது. வண்டியைத் தள்ளி ஓட்டச் சொல்லுங்க, புகை அடிக்குது."

வெல்டரம்மா கெஞ்சினாள், அதட்டினாள், கடைசியில் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். சிட்டு காது கேட்காதவள் போல ஏறிக்கொண்டே இருந்தாள். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துத் தீர்த்தது. சிலிண்டர்காரர், "மேல போயிடலாம் அக்கா. மேல நின்னுதானே ஆகணும், அட்டையில நேரம் போட்டு வாங்கணும்னீங்களே" என்று லாரியை முன்னால் விட்டார். அந்த நாலு கிலோமீட்டரும் அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே போனாள். வளைவில் ஆரஞ்சுப் புள்ளி மறையும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் தேடினாள். தான் செய்த பொருளை நினைத்து இப்படி நடுங்குவோம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

உச்சியில் ஒரு டீக்கடை, ஒரு தகரக் கொட்டகை, அதன் கீழே ஒரு மேஜை. மேஜைக்காரர் ஒவ்வொரு ஓட்டக்காரரின் அட்டையிலும் நேரம் எழுதி முத்திரை குத்திக்கொண்டிருந்தார். சிட்டு வந்து அட்டையை நீட்டினாள். முத்திரை விழுந்தது. அவள் திரும்புவதற்குள் வெல்டரம்மா சைக்கிளின் முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

"விடுங்க."

"விடமாட்டேன். என்னை அடி. விடமாட்டேன்."

கூட்டம் சேர்ந்தது. சிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினாள். வியர்வையில் முடி ஒட்டியிருந்தது. நர்ஸ் வேலையில் கத்துகிற சொந்தக்காரர்களைத் தினம் பார்க்கிறவள், அதனால் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள்.

"நிச்சயமாத் தெரியுமா?"

அதே கேள்வி. ஐந்து வருஷத்துக்கு முன்னால் சாப்பாட்டு மேஜையில் கேட்டது. நிச்சயமாகத் தெரியும், அறுத்துப் பார்த்தேன், உன் ஃபிரேமும் அப்படித்தான் என்று ஒரே போடாகப் போட்டால் காரியம் முடிந்துவிடும். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"தெரியாது" என்றாள். "பாதிக்குப் பாதி. இதுக்கு அடுத்து செஞ்ச ஃபிரேம் உள்ள சாம்பலா இருக்கு. இது எப்படின்னு எனக்குத் தெரியாது."

"உள்ள பாக்க வழி இல்லையா? நாங்க குழாய் விட்டுக் கேமராவுல பாப்போம்."

"இதுல கேஸ் விடற ஓட்டை பென்சில் முனை அளவு. எதுவும் போகாது. அறுத்தாத்தான் தெரியும்."

"அறுத்துட்டா?"

"அறுத்துட்டா அவ்வளவுதான். ஓட்ட முடியாது."

மேஜைக்காரர் வேறு சைக்கிள் இரவல் வாங்கலாமே என்று கேட்டுப் பார்த்தார். அங்கே வந்த சைக்கிள்களில் எதில் உட்கார்ந்தாலும் சிட்டுவின் கால் மிதியைத் தொடாது. லாரியில் இறங்கினால் ஓட்டம் ரத்து. தள்ளிக்கொண்டு நடந்தால் கெடு தாண்டிவிடும். சிட்டு இறக்கத்தின் பக்கம் போய் நின்று கொஞ்ச நேரம் கீழே பார்த்தாள். சாலை மடிந்து மடிந்து போய், எங்கோ கீழே நூல் மாதிரி தெரிந்தது. திரும்பி வந்தபோது அவள் முகம் இறுகிப்போயிருந்தது.

"பாதிக்குப் பாதின்னு ஒரு பேஷன்ட் வந்தா நாங்க கையெழுத்து வாங்கிட்டு ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோவோம். வீட்டுக்குப் போன்னு அனுப்ப மாட்டோம்." சைக்கிளின் மேல்குழாயை ஒருமுறை உள்ளங்கையால் தடவினாள். "அறுங்க. ஆனா ஒண்ணு. உள்ள நல்லா இருந்துச்சுன்னா, இந்த ஜென்மத்துல உங்க முகத்துல நான் முழிக்க மாட்டேன். அண்ணன்கிட்டயும் சொல்லிடுங்க."

சக்கரங்களைக் கழற்றி, ஃபிரேமை டீக்கடை பெஞ்சின் மேல் படுக்க வைத்தார்கள். சிலிண்டர்காரர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மூட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி வெல்டரம்மா பிளேடை வைத்தாள். டைட்டானியம் ஹேக்ஸாவுக்கு லேசில் வழிவிடாது. வேகமாக இழுத்தால் பல் தேய்ந்துவிடும், மெதுவாக அழுத்தி, எண்ணெய் விட்டு, ஒவ்வொரு இழுப்பாக இழுக்க வேண்டும். முதல் பிளேடு பத்து நிமிஷத்தில் மொட்டையானது. சிட்டு எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளைத் தாண்டி மற்ற ஓட்டக்காரர்கள் ஒவ்வொருவராக முத்திரை வாங்கி இறங்கிப் போனார்கள்.

அறுக்க அறுக்க வெல்டரம்மாவுக்குள் ஒரு எண்ணம் தலைகாட்டியது. உள்ளே சாம்பலாக இருக்க வேண்டும். இருந்துவிட வேண்டும். இருந்தால் இவள் உயிரைக் காப்பாற்றியவள் ஆகிவிடுவேன், ஐந்து வருஷமும் அடைபட்டுவிடும். தன் கையால் செய்த மிக நல்ல மூட்டு நாசமாகியிருக்க வேண்டும் என்று அவள் மனதார வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டதை உணர்ந்ததும் தன் மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் வேண்டுவதை நிறுத்த முடியவில்லை. பிளேடு வழுக்கி, கட்டைவிரலைக் கீறியது. அதைத் துணியில் துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தாள்.

மூன்றாவது பிளேடில் குழாய் துண்டானது. சிலிண்டர்காரர் போன் விளக்கைப் போட்டு அறுபட்ட வாய்க்கு நேரே பிடித்தார். வெல்டரம்மா குனிந்தாள். சிட்டுவும் குனிந்தாள். இரண்டு தலையும் கிட்டத்தட்ட இடித்துக்கொண்டன.

உள்ளே மூட்டைச் சுற்றிலும் பளபளப்பு. அதன் விளிம்பில் மெல்லிசாக, நகக்கோடு அகலத்துக்கு, வைக்கோல் மஞ்சள். சாம்பல் இல்லை. பொடி இல்லை. வாயு கடைசி வரைக்கும் ஓடியிருக்கிறது. இந்த மூட்டை முடித்த பிறகுதான், அடுத்த ஃபிரேமுக்கு முன்னால்தான், அடைத்திருக்கிறது. கடைசி மூட்டே இப்படி என்றால் மற்ற மூட்டுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இதை வைத்துக்கொண்டு சிட்டு இந்த மலை என்ன, இன்னும் நூறு மலை இறங்கியிருக்கலாம்.

"மஞ்சளா இருக்கே" என்றாள் சிட்டு. அவள் குரல் சட்டென்று உடைந்திருந்தது. பத்து வருஷமாக மஞ்சள் பூத்த கண்களையும் மஞ்சள் பூத்த தோலையும் பார்த்து வந்தவள் அவள். அவளுக்கு மஞ்சள் என்றால் ஒரே அர்த்தம்தான். "இதானா அது? இதோட நான் இறங்கியிருந்தா..." சொல்லி முடிக்காமல் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. விரல்கள் சில்லிட்டிருந்தன.

"தெய்வம் மாதிரி வந்தீங்கக்கா" என்றார் சிலிண்டர்காரர். டீக்கடைக்காரர் தலையை ஆட்டினார். மேஜைக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்து, "நல்லவேளை" என்றார். அந்த மலை உச்சியில் வைக்கோல் மஞ்சளுக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். பொய் சொல்லக்கூட வேண்டாம். சும்மா இருந்தால் போதும். வீட்டுக்குப் போய் இந்தத் துண்டைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டால் ஜென்மத்துக்கும் யாருக்கும் தெரியப் போவதில்லை. அண்ணி காப்பாற்றினாள் என்று குடும்பமே பேசும்.

அவள் பிடிபட்டிருந்த கையைப் பார்த்தாள். எடுத்துக்கொள்ள மனசே வரவில்லை.

"இல்லம்மா" என்றாள். "இது கெட்டது இல்ல. இது நல்ல மூட்டு. மஞ்சள் நல்லதுதான். ஒண்ணும் ஆகியிருக்காது. நீ தாராளமா இறங்கியிருக்கலாம்."

சிலிண்டர்காரர் விளக்கை அணைத்தார்.

சிட்டுவின் கை மெதுவாக விலகியது. அவள் பெஞ்சில், அறுபட்ட ஃபிரேமுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான்தான் நம்பிட்டேனே. எதுக்குச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"தப்பு என்னோடது" என்றாள் வெல்டரம்மா. அந்த வார்த்தை வெளியே வந்ததும் மற்றதையும் அவளால் தடுக்க முடியவில்லை. "இன்னைக்கும் என்னோடது. அன்னைக்கும் என்னோடதுதான். அந்தப் பையன்மேல ஒரு குத்தமும் இல்ல. நான் விசாரிக்கல. விசாரிக்காம சொன்னேன். தப்புன்னு தெரிஞ்ச அன்னைக்கே உன் வீட்டு வாசல்ல வந்து சொல்லியிருக்கணும். வாய் வரல. நீ என் முகத்துல முழிக்க வேண்டாம். அது நியாயம்தான்."

சிட்டு கையுறையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சைக்கிளுக்காக அழுகிறாளா, போன கல்யாணத்துக்காக அழுகிறாளா என்று வெல்டரம்மாவுக்குத் தெரியவில்லை. தொடவும் தைரியம் வரவில்லை. கடைசியில் சிட்டு கையுறையை எடுத்தாள். கண் சிவந்திருந்தது.

"உண்மை தெரிஞ்ச உடனே நான் அவர் வீட்டுக்குப் போனேன், தெரியுமா?" என்றாள். "என் அண்ணி தெரியாம பேசிட்டாங்கன்னு சொன்னேன். அதை உங்க அண்ணி வந்து சொல்லட்டும், அது போதும்னு சொன்னார். மூணு மாசம் காத்துக்கிட்டிருந்தார், அண்ணி."

வெல்டரம்மாவுக்கு இது தெரியாது. யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவள் ரத்தம் கசிந்த கட்டைவிரலை இன்னொரு கையால் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றாள்.